மொட்டையடித்த கிரீன்கள்

கோர்டன் ப்ளைத் என்கிற மனுஷனை நேரில் பார்ப்பதற்கு ஒன்பது நாள் முன்பே எனக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது. பூங்கா இலாகாவிலிருந்து ஷெரில் டன்லப் போன் செய்தாள். அவள் குரலில் தேன் ஒழுகினால் ஏதோ கெட்ட செய்தி இருக்கிறது என்று அர்த்தம்.

"ஸ்டான், கவுன்சில்ல ஒரு முடிவு எடுத்திருக்காங்க. வெளியாள் ஒருத்தர் வந்து நம்ம கோல்ஃப் மைதானத்துல ஆடிப் பார்ப்பார். ஆட லாயக்கா இல்லையான்னு ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுப்பார். அவ்வளவுதான்."

"லாயக்கில்லைன்னு எழுதினா?"

"கிடங்கு கட்டறவங்க ரெண்டு வருஷமா அந்த நிலத்தைக் கேட்டுட்டிருக்காங்க. உனக்குத் தெரியாததா?"

"அவன் யாரு, எங்க ஊரு மைதானத்தைப் பத்திச் சொல்ல?"

"பெரிய பெரிய க்ளப்புக்கெல்லாம் போய் எழுதறவர். அடுத்த புதன்கிழமை காலையில எட்டு மணிக்கு வர்றார். நீயும் கூட ஆடணும்னு கவுன்சில் சொல்லியிருக்கு. சட்டையை உள்ள விட்டுட்டு வா. வாயை மூடிக்கிட்டு வா."

ஹாலர் பார்க் அழகான மைதானம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நாலாவது குழியை ஒட்டி நெடுஞ்சாலை ஓடுகிறது. நீங்கள் கோலைத் தூக்கும்போது பார்த்து ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். பதினோராவதற்குப் பின்னால் பழைய இரும்பாலைக் கசடு ஒரு குன்றாய்க் கிடக்கிறது. மழை பெய்தால் ஆறாவதில் வாத்து நீந்தும். ஆனால் பதினெட்டு குழிக்கும் சேர்த்து இருபத்திரண்டு டாலர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர்கள், நர்ஸுகள், ஆலை மூடிய பிறகு முதுகுவலியோடு மிஞ்சிய கிழங்கள் எல்லாம் வந்து ஆடுகிற இடம் இந்தக் கெஸ்லர்டனில் இது ஒன்றுதான். பதினெட்டு வருஷமாக அதன் புல்லுக்கு நான்தான் பொறுப்பு. என்னோடு இரண்டே இரண்டு ஆட்கள். ஒருத்தன் க்ளைட் டிபிட்ஸ், மெக்கானிக். இன்னொருத்தன் பாதி நாள் வர மாட்டான்.

அதை மூடுவதா வேண்டாமா என்று எவனோ ஒருத்தன் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டுப் போவானாம். எனக்கு வயிறெரிந்தது.

அவன் எழுதுகிற பத்திரிகையை க்ளைட் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தான். பக்கத்துக்குப் பக்கம் பணக்கார க்ளப்புகளின் படம். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன் ஒவ்வொன்றும் சலவைக்கல் போட்டது மாதிரி மின்னியது. பந்தைத் தொட்டால் போதும், ஊர் எல்லை வரை ஓடும். 'வேகமான கிரீன்கள்' என்று எல்லாப் படத்துக்கும் கீழே அவன் பாராட்டு எழுதியிருந்தான்.

பன்னிரண்டு வருஷம் முன்பு ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ரிவர்டன் க்ளப்பில் வேலை கேட்டுப் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்த மேலாளன் என் காகிதத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், "பொது மைதானத்துல புல்லு வெட்டறது வேற, இங்க வெட்டறது வேற" என்று சொல்லி அனுப்பினான். அந்த வார்த்தை இன்றைக்கும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பத்திரிகையைப் பார்த்ததும் அந்த மூஞ்சிதான் ஞாபகம் வந்தது. வாடா மகனே, எனக்கும் வெட்டத் தெரியும் என்று காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொட்டகைக்குப் போய், கிரீன் வெட்டுகிற இயந்திரத்தை மேசைமேல் ஏற்றச் சொன்னேன்.

"எதுக்கு?" என்றான் க்ளைட்.

"கத்தியை இறக்கணும்."

"எவ்வளவு?"

"அங்குலத்துல பத்துல ஒரு பங்கு."

அவன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். நாங்கள் எப்போதும் வைப்பது அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். புல்லுக்கு அப்படி இல்லை. புல் தின்பதே அந்த இலையால்தான். இலையில் பாதியை எடுத்துவிட்டால் அது எதைத் தின்று உயிர் வாழும்?

"ஸ்டான், உனக்குப் பைத்தியமா? ஜூலை மாசம்டா! நாளைக்குத் தொண்ணூத்தாறு டிகிரின்னு ரேடியோவுல கத்தறான். நம்ம புல்லுல பாதி களை. வேர் கட்டைவிரல் ஆழம்கூட இறங்கலை. மொட்டையடிச்சா செத்துரும்."

"ஒரே நாள். புதன்கிழமை மட்டும். வியாழக்கிழமை பழையபடி ஏத்திரலாம்."

"ஒரு நாள் போதும்டா கொல்றதுக்கு."

"நீ மெக்கானிக்கா, புல்லு டாக்டரா? திருகைச் சுத்து."

க்ளைட் என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் முன் உருளையின் இரண்டு பக்கத் திருகையும் சுற்றினான், அளவுகோலை வைத்துப் பார்த்தான், ஒரு தாளைக் கத்தியில் கொடுத்துச் சரியாக வெட்டுகிறதா என்று பார்த்தான். அவன் கோபத்திலும் வேலையைக் கெடுக்க மாட்டான். அன்றைக்காவது கெடுத்திருக்கலாம்.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் நானே வெட்டினேன். குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. அதற்கு மேல் கனமான உருளையை ஓட்டினேன். குழிகளையும் நானே வெட்டினேன், ஒவ்வொன்றையும் சரிவில், பள்ளத்து ஓரத்தில், சனியன் பிடித்த இடமாகப் பார்த்து. வெயில் ஏறும்போது மூன்றாவது கிரீனில் நின்று பார்த்தேன். ஹாலர் பார்க்கா இது? சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாய், ஒரு இலை நிமிராமல். பொய் சொல்வானேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் கையில் இவ்வளவு இருந்ததா என்று பெருமையாக இருந்தது.

எட்டு மணிக்கு ப்ளைத் வந்தான். அறுபது வயது இருக்கும். ஒல்லி. பழைய கான்வாஸ் பை, அதைத் தானே தோளில் மாட்டிக்கொண்டான். வண்டி வேண்டாம், நடக்கிறேன் என்றான். சிரிப்பு என்பது அவன் வீட்டிலேயே கிடையாது போல.

"மேற்பார்வையாளர் நீங்கதானா?"

"ஆமா. பதினெட்டு வருஷமா."

"ம்" என்றான். அந்த 'ம்'முக்கே அவனை ஒன்று வைக்கலாம் போல இருந்தது. மூன்றாவது ஆளாக க்ளைட் வந்தான், வேண்டாவெறுப்பாக.

முதல் குழியில் ப்ளைத் கிரீனுக்கு அழகாக வந்தான். இருபது அடியிலிருந்து மெல்ல உருட்டினான். பந்து குழியைத் தாண்டி, சரிவில் இறங்கி, நிற்கவே மனசில்லாமல் ஓடிற்று. அவன் புருவம் உயர்ந்தது. எனக்குள் ஒரு குட்டிப் பட்டாசு வெடித்தது. திரும்ப உருட்டினான், இந்தத் தடவை குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

எங்கள் ஊரில் ஒரு சாண் என்றால் யாரும் உருட்டச் சொல்ல மாட்டோம். விழுந்ததாகவே கணக்கு வைத்து 'எடுத்துக்கோப்பா' என்று சொல்லிவிட்டு அடுத்த குழிக்கு நடப்போம். பகையாளிக்குக்கூடச் சொல்வோம். க்ளைட் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"போடுங்க சார், பார்ப்போம்."

ப்ளைத் என்னைப் பார்த்தான். குனிந்து அந்த ஒரு சாணையும் உருட்டிப் போட்டான். ஆனால் இரண்டாவது குழியில் என் பந்து குழியின் உதட்டில், ஊதினால் விழுகிற தூரத்தில் நின்றபோது அவனும் எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் உருட்டினேன். அது விழவில்லை.

"வேகமாத்தான் இருக்கு" என்றான்.

"பணக்கார க்ளப்புல மட்டும்தான் வேகம் இருக்கும்னு நினைச்சீங்களா?"

"நான் ஒண்ணும் நினைக்கலை."

"நினைக்காமலா ஒரு பக்கம் எழுத வந்திருக்கீங்க?"

க்ளைட் என் கணுக்காலில் கோலால் தட்டினான். நான் கண்டுகொள்ளவில்லை. ஒன்பதாவது குழி முடியும்வரை நானும் அந்த ஆளும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு சாண்கூட விட்டுக்கொடுக்கவில்லை. நேருக்கு நேர் பார்க்கவும் இல்லை. நாலாவதில் லாரி ஹாரன் அடித்தபோது அவன் பந்து புதருக்குள் போனது. "எங்க ஊரு வாத்தியம் சார், பழகிக்குங்க" என்றேன். அவன் புதருக்குள் புகுந்தான். வெளியே வந்தபோது கையெல்லாம் முள் கீறல். அதற்கும் நான் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு என் புத்தி அப்படி.

பத்தரை மணிக்கு வெயில் முதுகில் சுட ஆரம்பித்தது. சாதாரண நாளில் அந்த நேரத்துக்கு நான் குழாயை இழுத்துக்கொண்டு கிரீன் கிரீனாகப் போவேன். கோடை வெயிலில் புல்லுக்கு லேசாக ஒரு தெளிப்பு வேண்டும். குடிக்க அல்ல, சூடு தணிய. அன்றைக்கு அந்தப் பாதி நாள் ஆள் வரவில்லை. க்ளைட்டும் நானும் ஆடிக்கொண்டிருந்தோம். பாதியில் விட்டுவிட்டுப் போய்க் குழாயைப் பிடித்திருக்கலாம். அவன் முன்னால் குழாய் பிடிக்கிறவனாக நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. பதினெட்டு முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

பதின்மூன்றாவதில் க்ளைட் என் காதருகே வந்தான். "கலரைப் பாருடா."

பார்த்தேன். ஓரத்தில் புல் பச்சையாக இல்லை. ஈயப் பாத்திரம் மங்கினது போல ஒரு நீலச் சாம்பல். "நிழல்டா அது" என்றேன். சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லை.

பதினைந்தாவதில் ப்ளைத் பந்தைக் குழியிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்தவன் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தான். அவன் நடந்து வந்த அடி அத்தனையும் புல்லில் அப்படியே பதிந்து கிடந்தது. உயிருள்ள புல் என்றால் காலை எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும். இது நிமிரவில்லை. அவன் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அடுத்ததற்கு நடந்தான். அவன் ஏதாவது திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினெட்டாவது முடிந்து தொப்பியைக் கழற்றினோம். கை கொடுப்பதுதான் வழக்கம். அவன் கை நீட்டவில்லை.

"எவ்வளவு இறக்கினீங்க?"

"எதை?"

"என்னை முட்டாளாக்காதீங்க. கத்தியை."

"பத்துல ஒண்ணு."

"எப்பவும் எவ்வளவு?"

"ஆறுல ஒண்ணு."

"ரெண்டு தடவை வெட்டியிருக்கீங்க. மேல உருளை வேற ஓட்டியிருக்கீங்க. இந்த வெயில்ல. யாருக்காக?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்களுக்காகத்தான்யா! வேற யாருக்காக? கண்ணாடி மேல ஆடிப் பழகினவன் வந்து எங்க புல்லைப் பார்த்து மூக்கைச் சுளிப்பானேன்னுதான். ஒரு நாளாவது இவனுங்க வாயடைக்கணும்னுதான்."

அவன் முகம் சிவந்தது. அந்த ஆளுக்கும் கோபம் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நான் போன வியாழக்கிழமை இங்க வந்தேன்" என்றான். "யாருன்னு சொல்லலை. இருபத்திரண்டு டாலர் கட்டினேன். ஆஸ்பத்திரி நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்த ரெண்டு நர்ஸோட என்னைச் சேர்த்து விட்டாங்க. கிரீன் மெதுவா இருந்துச்சு. மேடு பள்ளமா இருந்துச்சு. ஆனா உயிரோட இருந்துச்சு. அந்தப் பொம்பளைங்க பதினெட்டு குழியும் சிரிச்சுக்கிட்டே ஆடினாங்க. அன்னைக்கு ராத்திரியே எழுதிட்டேன், ஆட லாயக்குன்னு."

"அப்ப... இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?"

"மேற்பார்வையாளரோட ஒரு தடவை ஆடணும்னு கவுன்சில் கேட்டுச்சு. மரியாதைக்கு வந்தேன்."

"அப்ப அந்த எழுதினதையே குடுத்துருங்க சார்." அந்த 'சார்' எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கவுன்சில். அன்னைக்குக் காலையில வந்து மறுபடி பார்ப்பேன். என் கண்ணால பார்த்ததைத்தான் எழுதுவேன்." பையைத் தோளில் ஏற்றினான். "இங்க நின்னு என்கிட்ட வாயாடிட்டிருக்கீங்களே, தண்ணி யாரு ஊத்தறா?"

ஓடினேன். அறுபத்தொரு வயதில், சட்டையை உள்ளே விட்ட கோலத்தில், குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பதினெட்டிலிருந்து ஒன்று வரை ஓடினேன். க்ளைட் பின்னால் சுருளை அவிழ்த்துக்கொண்டே வந்தான். இருட்டும் வரை தெளித்தோம்.

"நான் அப்பவே சொன்னேன்னு சொல்ல மாட்டேன்" என்றான் அவன், ஏழாவதில்.

"சொல்லாதே."

"ஆனா சொன்னேன்."

வியாழக்கிழமை பெண்கள் குழு ஆட வரும் நாள். பெர்னி ஓர்சாக் அதற்குத் தலைவி. நாற்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினவள். அவள் குரலுக்குப் பின்சீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுக்குப் போன கதை ஊரில் உண்டு. இரண்டாவது கிரீனில் நின்றுகொண்டு அவள் போட்ட சத்தம் கொட்டகையில் எனக்குக் கேட்டது.

"டேய் ஸ்டான்! இங்க வாடா! என்னடா பண்ணி வச்சிருக்கே?"

போனேன். நடுவில் மட்டும் கொஞ்சம் பச்சை. சுற்றிலும் வைக்கோல் நிறம்.

"வெயில் அதிகம் பெர்னி."

"வெயில் என் வீட்டு வாசல்லயும்தான் அடிக்குது. அங்க புல்லு பச்சையா இருக்கு. நான் அதுக்குத் தண்ணிகூட ஊத்தறதில்லை. உண்மையைச் சொல்லு."

சொன்னேன். க்ளைட்டைத் தவிர இன்னும் ஒருத்தருக்காவது சொல்லிவிடவேண்டும் போல இருந்தது. அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"அவனுக்கு எங்க கிரீன் பிடிச்சிருந்துதா?" என்றாள்.

"பிடிச்சிருந்துதாம்."

"எங்க கிரீனு உனக்குத்தான் பிடிக்கலை, அப்படித்தானே? பதினெட்டு வருஷமா நாங்க மெதுவா உருட்டிக்கிட்டு சந்தோஷமா இருந்தோம். உனக்கு மட்டும் வெட்கமா இருந்துச்சு. எங்களை நினைச்சு வெட்கம்."

"அப்படி இல்லை பெர்னி..."

"போடா. என் முன்னால நிக்காதே. நின்னா கோலாலயே போடுவேன்."

நான் குழாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த கிரீனுக்கு நடந்தேன்.

அதற்கப்புறம் ஐந்து நாளும் நரகம். சனிக்கிழமைக்குள் பதினொரு கிரீன் போய்விட்டது. ஏழாவதும் பதின்மூன்றாவதும் ரொட்டி மாதிரி காய்ந்து, நடந்தால் மொறுமொறு என்றது. கிரீனுக்கு முன்னால் சாதாரணப் புல்லில் தற்காலிகமாகக் குழி வெட்டி ஆட விட்டேன். வந்தவன் போனவன் எல்லாம் ஒரு வார்த்தை வைத்துவிட்டுத்தான் போனான். "ஸ்டான், உன் தலைக்கும் அதே மெஷின்தானா?" என்று ஒருத்தன் என் வழுக்கையைப் பார்த்துக் கேட்டான். "கிடங்குக்காரன் உனக்கு எவ்வளவு குடுத்தான்?" என்று இன்னொருத்தன் கேட்டான். அவனை மட்டும் நான் சட்டையைப் பிடித்தேன். க்ளைட் வந்து விலக்கினான்.

நான் கொட்டகையிலேயே சாப்பிட்டேன். அடுக்கிய மூட்டையில் சாய்ந்து பகலில் இரண்டு மணி நேரம் தூங்கினேன். மற்ற நேரமெல்லாம் குழாய். மிச்சமிருந்த ஏழு கிரீனையாவது பிடித்து வைக்கவேண்டும். செத்ததில் முள்கருவியால் துளை போட்டு, புது விதை தூவி, மேலே மணல் போட்டுத் தேய்த்தேன். விதை முளைக்க இரண்டு வாரம் ஆகும். கவுன்சிலுக்கு மூன்று நாள்தான் இருந்தது. ப்ளைத்தைத் திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன். வியாழக்கிழமை வந்தபோதே யார் என்று சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? ஒளிந்து ஒளிந்து வந்தால்தான் பெரிய மனுஷனா? இப்படித் திட்டும்போது மனசு கொஞ்சம் லேசாகும். குழாயை மூடியதும் திரும்பக் கனக்கும்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கெல்லாம் அவன் வந்துவிட்டான். கோல் இல்லை, பை இல்லை. கையில் ஒரு பேனாக்கத்தி. ஏழாவதில் மண்டியிட்டு ஒரு துண்டு மண்ணை வேரோடு கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"வேடிக்கை பார்த்தாச்சா?"

"அடியில உயிர் இருக்கு" என்றான், என்னைப் பார்க்காமல். "இதுல பாதி திரும்பி வரும். மிச்சத்துக்கு நீங்க போட்ட விதை வரும். செப்டம்பர்ல சரியாயிடும்."

"அதை எழுதுங்க."

"எழுதுவேன்."

"வேற என்ன எழுதப் போறீங்க?"

அவன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். "மிஸ்டர் மிகுலா, நான் உங்ககூடப் பதினெட்டு குழி ஆடினேன். என் வேலையில எனக்கு நிறையப் பேரைப் பிடிக்காது. உங்களைக் கொஞ்சம் அதிகமாவே பிடிக்கலை. அதனாலதான் மூணு தடவை யோசிச்சு எழுதறேன். சாயங்காலம் வாங்க."

"மிரட்டறீங்களா?"

"இல்லை. கூப்பிடறேன்."

நகர மன்றத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். கிழங்கள், நர்ஸுகள், பெர்னியின் மொத்தக் குழு. பெர்னி பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. நான் அங்கே போகவில்லை. க்ளைட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் கவுன்சிலர்கள் ஏழு பேர். பேச விரும்புகிறவர்கள் பட்டியலில் நான் முன்பே பெயர் கொடுத்திருந்தேன். மூன்று நிமிஷம். ப்ளைத்தைக் கிழித்துத் தொங்கப்போட ஒரு தாள் நிறைய எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஊர் பேர் தெரியாதவன், உளவு பார்க்கிறவன், பணக்காரர்களின் கைத்தடி, எல்லாம் அதில் இருந்தது. அவன் மைதானத்தைக் கொன்றுவிட்டால் நான் அவனைச் சும்மா விடுவதாக இல்லை.

ப்ளைத் மைக் முன்னால் வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தான்.

"என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி. இருபத்திரண்டு டாலர் கட்டணமுள்ள ஹாலர் பார்க் ஆடுவதற்கு லாயக்கானதா? லாயக்கானது. இந்த மைதானத்தில் நான் இரண்டு முறை ஆடினேன், மூன்றாவது முறை நடந்து பார்த்தேன். இதன் அமைப்பு நேர்மையானது. கால் வலியுள்ளவர் நடக்கலாம், புதிதாக ஆடுகிறவர் பந்தைத் தொலைக்காமல் ஆடலாம், நன்றாக ஆடுகிறவருக்கும் பதினோராவது குழி போதிய தொல்லை கொடுக்கும். நெடுஞ்சாலைச் சத்தத்தைக் குறையாக நான் எழுதவில்லை. இந்த ஊரில் இதற்கு மாற்று இல்லை."

யாரோ விசில் அடித்தார்கள். க்ளைட் என் தொடையில் ஓங்கி ஓர் அறை விட்டான். எனக்கு மூச்சு வந்தது. ஆறு நாளில் முதல் தடவையாக மூச்சு வந்தது.

ப்ளைத் அடுத்த தாளைத் திருப்பினான்.

"இப்போது பதினொரு கிரீன்கள் செத்துக் கிடக்கின்றன. இது மைதானத்தின் குற்றம் அல்ல, வெயிலின் குற்றமும் அல்ல. என்னை அசத்துவதற்காக மேற்பார்வையாளர் ஒரே இரவில் கத்தியை இறக்கியதால் நேர்ந்தது. இங்கே ஆடுகிறவர்களுக்குப் போதுமானதாக இருந்த ஒன்றை, ஒரு நாள் வந்து போகிற ஒருவனுக்காக அவர் அழித்தார். கிரீன்கள் செப்டம்பரில் மீளும். மைதானத்தை வைத்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன். மேற்பார்வையாளரை மாற்றும்படியும் பரிந்துரைக்கிறேன்."

கண்ணாடியைக் கழற்றினான். என் கழுத்துக்குப் பின்னால் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. நான் கடைசி வரிசையில் அல்லவா இருந்தேன், பின்னால் சுவர்தான். ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

"ஸ்டான்" என்றாள் ஷெரில், மேடையோரத்திலிருந்து. இந்தத் தடவை அவள் குரலில் தேன் இல்லை. "பட்டியல்ல உன் பேர் இருக்கு. பேசறியா?"

எழுந்து மைக்குக்குப் போனேன். பையில் இருந்த தாளைத் தொட்டேன். அதில் எழுதியிருந்த ஒரு வசவுகூட அந்த ஆளுக்குப் பொருந்தவில்லை. தாளைப் பையிலேயே விட்டேன்.

"அவர் சொன்னது நெசம்" என்றேன். "நான்தான் பண்ணினேன். க்ளைட் வேண்டாம்னு சொன்னான், அவன்மேல தப்பு இல்லை. புதுசா யாரை வச்சாலும் ஒண்ணு சொல்லிருங்க. ஏழாவதுக்கும் பதின்மூணாவதுக்கும் வேர் ஆழம் இல்லை, மத்தியானம் ரெண்டு தடவை தெளிக்கணும். ஒரு தடவை போதாது. விதை போட்டிருக்கேன், ரெண்டு வாரம் யாரையும் மிதிக்க விடாதீங்க." இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "அவ்வளவுதான்" என்றேன்.

திரும்பி நடக்கும்போது பெர்னியைத் தாண்டித்தான் போகவேண்டும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாக்கெடுப்பு நடந்தது. மைதானத்தை வைத்துக்கொள்வது, மேற்பார்வையாளரை மாற்றுவது, பரிந்துரைகள் இரண்டையும் ஏற்பது. ஷெரில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஏழு பேரும் கை தூக்கினார்கள். மன்றமே எழுந்து நின்று கைதட்டியது. கிழங்கள் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் அடித்துக்கொண்டார்கள், பெர்னி தன் குழுப் பெண்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள், க்ளைட் மட்டும் உட்கார்ந்தபடி என்னையே பார்த்தான்.

நான் எழுந்தேன். நானும் கைதட்டினேன். பதினைந்து நாளாக ராப்பகலாக நான் கேட்டது அதைத்தானே, இடம் பிழைக்கவேண்டும் என்பதைத்தானே. உள்ளங்கை வலிக்கிற வரை தட்டினேன்.